காட்டினால் கெட்டது கதை

1934 மே மாதம் ஹெச்.பி. லவ்கிராஃப்ட் நண்பர் ஒருவருக்காகக் காகிதத்தில் கதுலுவை வரைந்து கொடுத்தார். அவர் எழுதிய கதையில் கடலடியில் உறங்கும் பூதம் அது. நேரில் பார்த்தவர்களின் புத்தி பேதலித்துப் போகும் என்கிறது கதை. படத்தில் இருப்பதோ, பீடத்தின்மேல் குந்தியிருக்கும் ஒரு தொந்தி உருவம். தாடி மாதிரி முகத்திலிருந்து தொங்கும் ஆக்டோபஸ் கைகள், இந்த உடம்பைத் தூக்கவே தூக்காத சின்னச் சிறகுகள், பக்கவாட்டில் மூன்று கண்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவரின் சோர்வுதான் அதன் தோரணையில் தெரிகிறது. பயம் வரவில்லை.

படைத்தவர் கையிலேயே இப்படி என்றால் மற்றவர்கள் பாடு என்ன? கதுலு முதன்முதலில் அச்சேறியது 1928 பிப்ரவரியில், ‘வியர்ட் டேல்ஸ்’ என்ற அமெரிக்க மலிவு விலைப் பத்திரிகையில். அதன் பிறகு சினிமாக்காரர்களும் வீடியோ கேம் தயாரிப்பவர்களும் அந்தப் பூதத்தோடும் அதன் சொந்தபந்தங்களோடும் மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் மண்ணைக் கவ்வுகிறார்கள். ஜெயித்தவர்களும் உண்டு. அவர்களில் பலர் லவ்கிராஃப்டின் கதையையே தொடாதவர்கள் என்பதுதான் வேடிக்கை.

லவ்கிராஃப்ட் 1890-இல் ரோட் ஐலண்டு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்தவர். 1937-இல், 46 வயதில், வறுமையில் புற்றுநோயால் இறந்தார். சிறுவயதிலிருந்தே வானியல் பைத்தியம். உள்ளூர்ப் பத்திரிகைகளில் வானியல் பத்தி எழுதியவர். 1930-இல் புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்டபோது, எழுதிக்கொண்டிருந்த கதையில் அதைக் கையோடு சேர்த்துக்கொண்டார். நம் பால்வெளிக்கு அப்பாலும் எண்ணற்ற பால்வெளிகள் உண்டு என்று வானியலாளர்கள் நிறுவிய காலம் அது. மனிதன் இருக்கும் இடம் இத்தனை அற்பமா என்ற கேள்வியிலிருந்துதான் அவருடைய திகில் பிறக்கிறது. அதுவரை வந்த பேய்க் கதைகளில் பேய்க்கு ஒரு நியாயம் இருக்கும்: செத்தவளுக்குப் பழிவாங்க வேண்டும், டிராகுலாவுக்கு ரத்தம் வேண்டும். சிலுவையைக் காட்டினால் விலகும். பேய்க்கு நம்மோடு தீர்க்க வேண்டிய கணக்கு உண்டு; லவ்கிராஃப்டின் ஜந்துகளுக்கோ நாம் கணக்கிலேயே இல்லை. வேறு நட்சத்திரங்களிலிருந்து வந்தவை, மனித இனம் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே இங்கே குடியிருந்தவை. நம்மேல் அவற்றுக்குக் கோபம்கூடக் கிடையாது. பிரபஞ்சத் திகில் என்று இன்று சொல்லப்படும் வகை இதுதான்.

இந்த ஜந்துகளை அவர் எழுத்தில் எப்படிக் கொண்டுவந்தார்? சொல்லில் அடங்காது, பெயரிட முடியாது என்று கையை விரித்துத் தப்பிப்பவர் என்று ஒரு பெயர் அவருக்கு உண்டு. பாதி உண்மை. மறுபாதியில் அவர் அளவுநாடா வைத்துக்கொண்டு எழுதுகிறார். அன்டார்டிகாவில் நடக்கும் ‘அட் தி மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னெஸ்’ குறுநாவலில், உறைபனிக்கடியில் கிடைத்த ஜந்துவைப் பற்றி விஞ்ஞானி ஒருவர் வானொலியில் அறிக்கை அனுப்புகிறார். பீப்பாய் வடிவ உடல் 6 அடி, அதில் ஐந்து வரப்புகள், நட்சத்திர மீன் போன்ற தலை, வரப்புகளுக்கிடையே மடங்கிய சவ்வுச் சிறகு. ஒவ்வொரு உறுப்பும் தெளிவாக இருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மனதில் ஓர் உருவம் நிற்பதில்லை. வாசகரின் கற்பனையை அளவுகளால் திணறடிக்கும் உத்தி இது.

காமிராவிடம் இந்த ஜாலம் பலிக்காது. காமிரா முன் ஏதாவது ஒன்று நின்றே ஆக வேண்டும். நின்றுவிட்டால் அதற்கு ஒரு வடிவம், ஒரு நிறம், ஒரு உயரம் வந்துவிடும். இரண்டு நிமிடம் பார்த்தால் கண்ணுக்குப் பழகியும் விடும்.

சாண்ட்ரா புல்லக் நடித்த ‘பேர்ட் பாக்ஸ்’ (2018) இந்தச் சங்கடத்துக்கு நல்ல உதாரணம். எதைப் பார்த்தால் மனிதர்கள் அந்தக் கணமே தற்கொலை செய்துகொள்கிறார்களோ, அதைப் படம் கடைசிவரை காட்டுவதில்லை. ஆனால் ஒரு கெட்ட கனவுக் காட்சிக்காக அந்த உருவத்தைச் செய்து படமும் பிடித்திருக்கிறார்கள்: பச்சைப் பாம்பு உடம்பு, அதில் குழந்தை முகம். அதைப் பார்த்த புல்லக்கிற்குச் சிரிப்பு வந்துவிட்டது. காட்சியைத் தூக்கிவிட்டார்கள்.

இதைவிடக் கடினமான சோதனை, 1927-இல் வெளியான ‘தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்’. லவ்கிராஃப்டுக்கே மிகவும் பிடித்த கதைகளில் ஒன்று. ஒரு பண்ணை வீட்டருகே விண்கல் விழுகிறது. அதற்குள்ளிருந்து வருவது விலங்கல்ல, பேயல்ல, ஒரு நிறம். மனிதர் அறிந்த எந்த நிறமும் அல்லாத நிறம். தோட்டத்தில் பழங்கள் பெரிது பெரிதாகக் காய்த்து வாயில் வைக்க முடியாமல் கசக்கின்றன. செடிகொடிகள் இருட்டில் ஒளிர்கின்றன. ஆடுமாடுகள் சாம்பலாக உதிர்கின்றன. அதற்கப்புறம் குடும்பத்தின் முறை. எழுத்தில் இது அருமையான விஷயம். படமெடுக்கக் கிளம்பினால், இல்லாத நிறத்துக்கு எங்கே போவது?

1965-இல் போரிஸ் கார்லாஃபை வைத்து எடுத்தவர்கள் தலையைச் சொறியவே இல்லை. பச்சையாக ஒளிரும் கல்லை வைத்துவிட்டு நகர்ந்தார்கள். ஜெர்மனியில் ஹுவான் வூ என்ற இயக்குநர் 2010-இல் ‘டி ஃபார்பே’ என்று எடுத்தபோதுதான் உருப்படியான வழி பிறந்தது. முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அந்த நிறம் வரும் இடங்களில் மட்டும் ஊதா கலந்த இளஞ்சிவப்பு. கறுப்பு வெள்ளைக்குப் பழகிப்போன கண்ணுக்கு அது உண்மையாகவே வேறு உலகத்துச் சமாச்சாரமாகத் தெரிகிறது. நிறத்தைக் கண்டுபிடிப்பதற்குப் பதிலாக அதைச் சுற்றியிருந்த எல்லா நிறத்தையும் அவர் பிடுங்கிவிட்டார். சின்னப் பட்ஜெட்டில் இதைவிட கெட்டிக்காரத்தனம் வேண்டியதில்லை.

2019-இல் ரிச்சர்ட் ஸ்டான்லி, நிக்கலஸ் கேஜை வைத்து வண்ணத்தில் எடுத்தார். அவரும் தேர்ந்தெடுத்தது அந்த ஊதா கலந்த இளஞ்சிவப்பை, அதாவது மெஜந்தாவைத்தான். அதற்கு ஒரு விஞ்ஞான நியாயம் சொல்லலாம். வானவில்லில் சிவப்பு உண்டு, பச்சை உண்டு, நீலம் உண்டு, மெஜந்தா கிடையாது. அதற்கென்று ஒற்றை அலைநீளம் இல்லை. கண்ணில் சிவப்பையும் நீலத்தையும் உணரும் செல்கள் சேர்ந்து தூண்டப்பட்டு, நடுவிலிருக்கும் பச்சைக்கான செல்கள் சும்மா இருந்தால், மூளை தானாக இட்டு நிரப்பிக்கொள்ளும் நிறம் அது. ஒளியில் இல்லாத ஒன்றை மூளை உருவாக்குகிறது. லவ்கிராஃப்டுக்கு இதைவிட நெருக்கமாகப் போக முடியாது. ஆனாலும் திரையில் பார்க்கும்போது கேளிக்கை விடுதி விளக்குகள்தான் நினைவுக்கு வருகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உருவத்தை மறைப்பதில் பாடப்புத்தகமாகச் சொல்லப்படும் படம் ரிட்லி ஸ்காட்டின் ‘ஏலியன்’ (1979). சுவிட்சர்லாந்து ஓவியர் ஹெச்.ஆர். கீகரின் ‘நெக்ரோனாம் 4’ ஓவியத்திலிருந்து வந்த ஜந்து அது. அவருடைய ஓவியத் தொகுப்பின் பெயரே ‘நெக்ரோனாமிக்கான்’, லவ்கிராஃப்ட் கற்பனை செய்த மந்திரப் புத்தகத்தின் பெயர். ஜந்துவின் நீண்ட மண்டைக்குக் கண்ணே கிடையாது. எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நமக்குத் தெரியாது. உடைக்குள் இருந்தவர் போலாஜி பதேஜோ என்ற நைஜீரிய மாணவர். லண்டனில் ஒரு மதுக்கூடத்தில் தற்செயலாகக் கண்ணில் பட்டவர், ஏறக்குறைய 7 அடி உயரம். அவ்வளவு நீளக் கைகால் உள்ள ஓர் உருவம் மெதுவாக நிமிர்ந்தால், உள்ளே மனிதன் இருக்கிறான் என்று நம்பக் கண் மறுக்கிறது. அப்படியும் ஸ்காட் அவரைத் துண்டு துண்டாகத்தான் காட்டினார்: ஒரு தாடை, ஒரு வால், எச்சில் ஒழுகும் பல். அடுத்தடுத்து வந்த பாகங்களில் ஏலியன்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. எண்ணிக்கை ஏற ஏறப் பயம் இறங்கியது.

ஜான் கார்பென்டரின் ‘தி திங்’ (1982) நேர்மாறான பாதையில் போனது. எல்லாவற்றையும் பளிச்சென்று காட்டியது. காட்டியும் ஜெயித்தது. அதனால்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் திரும்பத் திரும்ப அந்தப் படத்திடம் போகிறார்கள்.

மூலக்கதை ஜான் டபிள்யூ. கேம்பெல் 1938-இல் எழுதியது. லவ்கிராஃப்டின் அன்டார்டிகாக் குறுநாவலை 1936-இல் வெளியிட்ட அதே ‘அஸ்டவுண்டிங்’ பத்திரிகை, அதே அன்டார்டிகா. அமெரிக்க ஆராய்ச்சி முகாமில் பனிக்காலத்தில் மாட்டிக்கொண்ட ஆண்கள். விண்ணிலிருந்து வந்த ஒன்று, தொட்ட உயிரை விழுங்கி அதைப் போலவே ஆகிவிடுகிறது. பக்கத்தில் படுத்திருப்பவன் மனிதனா, அதுவா? 1951-இல் இதே கதையை முதன்முறை படமாக்கியவர்களுக்கு இந்த உருமாற்றத்தைக் காட்ட வழியில்லை. உயரமான நடிகர் ஒருவருக்கு வேஷம் போட்டு, தாவர இனத்து அரக்கன் என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

கார்பென்டருக்கும் அந்தப் பயம்தான் இருந்தது: ரப்பர் உடையில் ஒரு ஆள் வந்து நின்றால் படம் முடிந்தது. ஒப்பனைக் கலைஞர் ராப் பாட்டின் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன். அவர் சொன்ன யோசனை படத்தையே மாற்றியது. எத்தனையோ கிரகங்களில் எத்தனையோ உயிர்களை விழுங்கி வந்த ஜந்து இது. அப்படியானால் அதற்குச் சொந்த உருவம் என்று ஒன்று எதற்கு? விழுங்கிய எல்லாமே உள்ளே இருக்கும், நெருக்கடி வந்தால் எது வேண்டுமானாலும் வெளியே வரும். பாட்டின் ஒரு வருடத்துக்கு மேல் வாரம் ஏழு நாளும் உழைத்தார். முடிந்ததும் உடல் தளர்ந்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. நாய் உருமாறும் காட்சியை ஸ்டான் வின்ஸ்டன் செய்து கொடுத்தார்; படம் முழுக்க பாட்டினின் உழைப்பு என்பதால் தன் பெயரை ஒப்பனைப் பட்டியலில் போட வேண்டாம் என்று அவர் மறுத்தது இன்றும் சொல்லப்படும் கதை.

படத்தின் நடுவில் வரும் ஒரு காட்சியைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நோரிஸ் என்ற பாத்திரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறது. மருத்துவர் மின்னதிர்ச்சிக் கருவியை மார்பில் வைத்து அழுத்துகிறார். மறுமுறை அழுத்தும்போது மார்பு பிளந்து வாயாகிறது, விளிம்பெல்லாம் பல். இரண்டு கையையும் முழங்கைக்குக் கீழே கவ்வித் துண்டாக்குகிறது. இதற்காக உண்மையிலேயே இரு கைகளும் இல்லாத ஒருவரைப் பிடித்து, மருத்துவராக நடித்தவரின் முகமூடியை மாட்டி, மெழுகு எலும்பும் ஜெலட்டின் சதையும் வைத்துச் செய்த பொய்க் கைகளைப் பொருத்தினார்கள். பிறகு நோரிஸின் தலை கழுத்திலிருந்து பிய்ந்து மேசையிலிருந்து நழுவுகிறது. நாக்கை நீட்டி எதையோ பற்றித் தன்னைத்தானே இழுத்துக்கொள்கிறது. தலைகீழாகத் திரும்புகிறது. மண்டையிலிருந்து சிலந்திக் கால்கள் முளைத்து, சந்தடியில்லாமல் அறையைவிட்டு வெளியேறப் பார்க்கிறது. அதைக் கவனித்துவிட்ட ஒருவன் வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை சொல்கிறான். அரங்கில் இருப்பவர்கள் நினைப்பதும் அதுவேதான். இந்தக் காட்சியைப் படமாக்கும்போது ஒருமுறை, இளக்கிய பிளாஸ்டிக்கிலிருந்து எழுந்த ஆவியில் தீப்பற்றி, பாடுபட்டுச் செய்த உருவம் எரிந்து போனது. மறுபடி செய்தார்கள்.

இத்தனையையும் முழு வெளிச்சத்தில் பார்த்த ஒருவரிடம், ‘சரி, அந்த ஜந்து எப்படி இருக்கும்?’ என்று கேட்டால் பதில் கிடையாது. தலையா, காலா, நாயா, பூவா? எதைச் சொன்னாலும் அது நேற்றைய உருவம். மறைக்காமலேயே அறிய முடியாமல் வைத்திருப்பது என்ற, லவ்கிராஃப்ட் அளவுநாடாவால் செய்த அதே காரியத்தை பாட்டின் ரப்பராலும் ஜெலட்டினாலும் செய்திருக்கிறார். படத்தின் மிகப் பயங்கரமான காட்சியிலோ இந்தச் செலவெல்லாம் கிடையாது. வட்டில்களில் ஒவ்வொருவருடைய ரத்தமும் கொஞ்சம், ஒரு சூடேற்றிய கம்பி. யாருடைய ரத்தம் தப்பித்து ஓடப் பார்க்கிறதோ அவன் மனிதனல்ல.

படம் 1982 ஜூன் 25 அன்று வெளியானது. இரண்டு வாரம் முன்புதான் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ வந்து, வேற்றுக்கிரகத்தவர் என்றாலே கட்டிக்கொள்ளத் தோன்றும் குழந்தைகள் என்று அமெரிக்காவை நம்ப வைத்திருந்தது. ‘தி திங்’ வசூலிலும் அடிவாங்கியது, விமர்சகர்களிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டது. அருவருப்பு என்று எழுதினார்கள். இன்று அதைத் திட்டி எழுத ஆள் கிடைப்பது அரிது. 2011-இல் அதன் முன்கதை வந்தபோது, ஒப்பனைக் கலைஞர்கள் கையால் செய்த உருவங்களின்மேல் ஸ்டூடியோ கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸைப் பூசி மூடிவிட்டது. வழவழவென்று ஓடிப் பிடித்தன ஜந்துகள். கையால் செய்த பொம்மை தடுமாறும், கசியும், எதிர்பாராத விதமாக மடங்கும். அந்தத் தடுமாற்றம் போனதும் பாதி உயிர் போய்விட்டது. கிராஃபிக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. அலெக்ஸ் கார்லண்டின் ‘அனைஹிலேஷன்’ (2018) படத்தில் வரும் கரடி பெரும்பாலும் கிராஃபிக்ஸ்தான். அது வாயைத் திறந்தால், அது கொன்ற பெண்ணின் கடைசி அலறல் கேட்கிறது. காட்சி நடுங்க வைப்பது அந்தக் குரலால்.

ஜார்டன் பீல் ‘நோப்’ (2022) படத்தில் இன்னொரு கதவைத் திறந்தார். மேகத்துக்குள் ஒளிந்திருப்பது பறக்கும் தட்டு என்று நினைத்தால், அது ஒரு விலங்கு. கடைசியில் துணிபோல, ஜெல்லிமீன்போல விரிகிறது. ஜெல்லிமீன்கள் நீந்தும் விதத்தை ஆராயும் கால்டெக் பேராசிரியர் ஜான் டபிரியின் ஆலோசனையையும், ஜப்பானிய அனிமே ‘நியான் ஜெனிசிஸ் எவான்கெலியன்’ தந்த கற்பனையையும் சேர்த்துச் செய்த உருவம். பீலின் கெட்டிக்காரத்தனம் உருவத்தைவிட விதியில் இருக்கிறது: அதை நிமிர்ந்து பார்த்தால் அது உன்னை விழுங்கும். பார்வையாளரோ அதைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்கியிருக்கிறார்.

விளையாட்டுக்கு வந்தால் தலைவலி வேறு மாதிரி. சினிமா ரசிகர் உட்கார்ந்து பார்ப்பவர். விளையாடுபவர் கையில் துப்பாக்கியோடு வருகிறவர். எதையும் சுட்டுப் பார்ப்பார், சுற்றிவந்து பார்ப்பார், செத்தால் மறுபடி முயல்வார். ஒரு ஜந்துவின் தலைக்குமேல் உயிர்ப் பட்டை என்று ஒன்றை வரைந்த கணமே அது கொல்லக்கூடியது என்று ஒப்புக்கொண்டாயிற்று. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டில் கதுலுவின் சாயலில் சிதூன் என்ற ஒற்றைக்கண் தெய்வத்தை 2006-இல் இறக்கினார்கள். மாதக்கணக்கில் உலகின் சிறந்த குழுக்கள் மோதியும் அது விழவில்லை. கணக்குப்படி இதை ஜெயிக்கவே முடியாது என்று ஆட்டக்காரர்கள் முறையிட்டார்கள். நிறுவனம் அதன் பலத்தைக் குறைத்ததும் விழுந்தது. ஒரு பண்டைய தெய்வத்தைப் பற்றி வாடிக்கையாளர் புகார் எழுதித் திருத்தம் வாங்கியது அநேகமாக அங்கேதான் நடந்திருக்கும்.

இதற்கு விடை கம்ப்யூட்டருக்கு வெளியே, காகிதத்தில், 1981-லேயே கிடைத்துவிட்டது. கேயாசியம் நிறுவனத்துக்காக சாண்டி பீட்டர்சன் எழுதிய ‘கால் ஆஃப் கதுலு’, நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டு. அதுவரை இந்த வகை ஆட்டங்களில் வாள், மந்திரம், புதையல் என்று ஆட்டக்காரர் நாளுக்கு நாள் பலசாலியாவார். பீட்டர்சன் உயிருக்கான எண்ணோடு, புத்தித் தெளிவுக்கும் ஒரு எண் வைத்தார். பயங்கரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நூறு வரை எண் தரும் பகடையை உருட்ட வேண்டும். தன் தெளிவு எண்ணுக்குள் விழுந்தால் சேதம் குறைவு, தாண்டினால் அதிகம். கதுலுவைப் பார்த்தால்? தப்பித்தாலே 1 முதல் 10 வரை போகும். தவறினால் 1 முதல் 100 வரை. தெளிவு எண்ணின் உச்சவரம்பே 99. அதாவது, ஒரே பார்வையில் மொத்தமும் போக வாய்ப்புண்டு. சண்டை போடலாமே என்பவர்களுக்கு விதிப்புத்தகம் நிதானமாகச் சொல்கிறது: கதுலு ஒரு சுற்றுக்கு 1 முதல் 3 ஆட்களை அள்ளும்.

இதைவிட நுட்பமான விதி ஒன்றும் உள்ளது. ‘கதுலு புராண அறிவு’ என்று ஒரு திறன். பழைய நூல்களைப் படிக்கப் படிக்க அது ஏறும். ஏறிய அளவுக்கு 99-லிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். தெளிவு அதற்குமேல் இனி ஒருபோதும் போகாது. புதிரை விடுவிக்க அந்த அறிவு வேண்டும், அறிவு வந்தால் ஆள் மிஞ்சமாட்டான். லவ்கிராஃப்டின் கதைகள் அனைத்தின் எலும்புக்கூடும் இந்த ஒற்றைக் கழித்தல் கணக்கில் இருக்கிறது. ஒரு படம்கூட வரையாமல் பீட்டர்சன் சாதித்தது இது. அதே பீட்டர்சன் பின்னாளில் ஐடி சாஃப்ட்வேரில் சேர்ந்து ‘டூம்’, ‘குவேக்’ ஆகியவற்றின் கட்டங்களை வடிவமைத்தார். குவேக்கில் (1996) கடைசி எதிரி லவ்கிராஃப்டின் ஷப்-நிக்குராத். எந்தத் துப்பாக்கியும் அதைக் கொல்லாது. சரியான தருணத்தில் டெலிபோர்ட் ஆகி அதன் உடலுக்குள்ளேயே போய் நிற்க வேண்டும். வெடித்துவிடும். சுடுவதற்கென்றே செய்த ஆட்டத்தில் அந்த அளவு மரியாதையாவது மிஞ்சியது.

புத்தித் தெளிவை எண்ணாக்கும் வழக்கம் அப்புறம் வீடியோ கேம்களில் பரவியது. 2002-இல் நிண்டெண்டோவின் கேம்கியூபுக்கு வந்த ‘எடர்னல் டார்க்னெஸ்’ அதைத் திரைக்கு வெளியே கொண்டுபோனது. பாத்திரத்தின் தெளிவு குறையும்போது தொலைக்காட்சியின் ஒலி தானாகக் குறைவதாகத் திரையில் காட்டும். பூச்சி ஒன்று கண்ணாடிமேல் ஊரும். சேமித்த ஆட்டமெல்லாம் அழிகிறது என்று ஒரு அறிவிப்பு வரும், எல்லாம் பொய். இந்த முறைக்கு நிண்டெண்டோ காப்புரிமையே வாங்கி வைத்தது. மனநோயைத் திகிலுக்கு ஊறுகாயாக்குவதாக இந்த மரபின்மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதில் நியாயமும் உண்டு. ‘ஹெல்பிளேட்’ (2017) தயாரிப்பாளர்கள் கேம்பிரிட்ஜின் நரம்பியல் பேராசிரியர் பால் ஃபிளெட்சரையும், மனச்சிதைவை அனுபவித்தவர்களையும் கலந்தாலோசித்து நாயகியின் காதில் ஒலிக்கும் குரல்களை அமைத்தது அதற்குப் பிறகு வந்த நல்ல மாற்றம்.

ஸ்வீடனின் ஃபிரிக்‌ஷனல் கேம்ஸ் 2010-இல் வெளியிட்ட ‘அம்னீஷியா’வில் ஆயுதமே கிடையாது. அரக்கனைப் பார்த்தாலே தெளிவு குறைந்து திரை கலங்கும். ஓடி ஒளிந்து, சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பதுதான் தற்காப்பு. அதிலும் ஒரு இடம் பெயர் பெற்றது. தண்ணீர் தேங்கிய நிலவறை. அங்கே உருவமே இல்லாத ஒன்று. தண்ணீரில் கால் பதிந்து பதிந்து தெறிப்பது மட்டும் நம் பக்கமாக வரும். மிதக்கும் பெட்டிகள்மேல் தாவித் தாவித் தப்ப வேண்டும், கிடக்கும் சதைத் துண்டை எங்காவது வீசினால் சற்றுநேரம் அது அந்தப் பக்கம் போகும். ஒரு ஜந்துவை வடிவமைக்கும் செலவை நிறுவனம் மிச்சம் பிடித்தது. ஆட்டக்காரர்களுக்கு அன்றிரவு தூக்கம் போனது.

எல்லாவற்றிலும் ஆழமாகப் போனது ஜப்பானின் ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனத்துக்காக ஹிதேடாகா மியாசாகி இயக்கிய ‘பிளட்போர்ன்’ (2015) என்று துணிந்து சொல்லலாம். விக்டோரியா காலச் சாயல் கொண்ட யார்னம் நகரில் ஓநாய் மனிதர்களை வெட்டிக்கொண்டே போகிறோம், வழக்கமான பேய்க் கதை என்று நினைத்து. ஒரு மூலையில், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று நம்மை அந்தரத்தில் தூக்கி நசுக்குகிறது. காரணம் புரிவதில்லை. இந்த ஆட்டத்தில் ‘இன்சைட்’ என்று ஒரு எண் உண்டு. விசித்திரங்களைக் காணக் காண அது ஏறும். அது 40-ஐத் தொட்டதும், இத்தனை நேரம் நாம் பத்திரமான இடம் என்று திரும்பத் திரும்ப வந்துபோன தேவாலயத்தின் வெளிச்சுவரில் பிரம்மாண்டமான பல கை ஜந்து ஒன்று தொற்றிக்கொண்டிருப்பது தெரிகிறது. புதிதாக வந்ததல்ல. முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. மூளையில் பயத்தோடு தொடர்புடைய பகுதியின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: அமிக்டலா. உருவத்தை எப்போது காட்டுவது என்பதைக் கதாசிரியர் தீர்மானிக்காமல், ஆட்டக்காரர் சேர்த்த அறிவு தீர்மானிக்கிறது. பீட்டர்சனின் கழித்தல் கணக்கு இங்கே காட்சியாகிவிட்டது.

உருவம் தெரிந்துபோன ஜந்துவை மறுபடி பயமுறுத்த வைக்க முடியுமா? முடியும் என்று ‘ஏலியன்: ஐசொலேஷன்’ (2014) காட்டியது. பொம்மைக் கடைவரை வந்துவிட்ட ஏலியனை வைத்து, பிரிட்டனின் கிரியேட்டிவ் அசெம்ப்ளி புது உருவம் எதையும் தேடவில்லை, புது நடத்தையைத் தேடியது. உள்ளே இரண்டு அடுக்கு மூளை. மேலடுக்கில் இருக்கும் ‘இயக்குநர்’ என்ற நிரலுக்கு ஆட்டக்காரர் எங்கே இருக்கிறார் என்று எப்போதும் தெரியும், ஆனால் ஏலியனுக்கு ஏறக்குறைய எந்தப் பக்கம் என்று அவ்வப்போது துப்பு மட்டும் கொடுக்கும். மீதியை ஏலியன் தன் புலன்களை வைத்துத் தேட வேண்டும். எழுதிவைத்த பாதையில் நடக்காததால் மனப்பாடம் செய்ய வழியில்லை. அதைக் கொல்லவும் வழியில்லை.

இந்த மரபைக் கையிலெடுப்பவர்களுக்கு இன்னொரு சுமையும் வந்து சேர்கிறது. லவ்கிராஃப்ட் அப்பட்டமான இனவெறியர். அந்நியர்மேல், கறுப்பினத்தவர்மேல், குடியேறிகள்மேல் அவருக்கிருந்த வெறுப்பு கடிதங்களில் மட்டும் இல்லை, ஜந்துகளுக்குள்ளேயே இருக்கிறது. ‘தி ஷேடோ ஓவர் இன்ஸ்மவுத்’ கதையில் மீன் முக மனிதர்கள் தரும் திகில், கலப்பு ரத்தத்தின் மீதான அருவருப்பு. அப்படியே படமெடுத்தால் அந்த அருவருப்பும் சேர்ந்து வரும். விக்டர் லவால் ‘தி பாலட் ஆஃப் பிளாக் டாம்’ குறுநாவலில் (2016) அவருடைய கதை ஒன்றைக் கறுப்பின நாயகன் பார்வையில் திருப்பி எழுதினார். மேட் ரஃபின் நாவலிலிருந்து எச்பிஓ எடுத்த ‘லவ்கிராஃப்ட் கன்ட்ரி’ தொடரில் (2020), காட்டுக்குள் இருக்கும் பல கண் ஜந்துவைவிட, சூரியன் மறைவதற்குள் கறுப்பர்களை ஊர் எல்லையைத் தாண்டச் சொல்லும் ஷெரீஃப் பயங்கரமானவர்.

கதுலு மட்டும் இதிலெல்லாம் சிக்காமல் செல்லப்பிள்ளை ஆகிவிட்டது. லவ்கிராஃப்ட் உயிரோடு இருந்தபோதே தன் பூதங்களை நண்பர்கள் கதைகளில் தாராளமாக எடுத்தாள விட்டவர். ஐரோப்பாவில் 2008 தொடக்கத்திலிருந்து காப்புரிமைத் தொல்லையும் இல்லை. பஞ்சுப் பொம்மை, பின்னிய குல்லாய், செருப்பு என்று பச்சை நிறத்தில் கொழுகொழுவென விற்கிறார்கள். ‘அண்டர்வாட்டர்’ (2020) படத்தின் முடிவில் கடலடியிலிருந்து எழும் பிரம்மாண்டம் கதுலுதான் என்று இயக்குநரே சொன்னார். திரையரங்கில் அதைப் பார்த்த ரசிகர்களுக்கு, தெரிந்தவர் ஒருவரைச் சந்தித்த சந்தோஷம். 2005-இல் லவ்கிராஃப்ட் ரசிகர் சங்கத்தினர் எடுத்த ‘தி கால் ஆஃப் கதுலு’ இதைவிட மேல். 1920-களின் ஊமைப் படம் போலக் கறுப்பு வெள்ளையில், 47 நிமிடம். கதுலு ஒவ்வொரு சட்டமாக நகர்த்திப் படம்பிடித்த பொம்மை. பழைய பிரிண்ட் போன்ற மங்கலில் அது வெட்டி வெட்டி நகரும்போது, இந்த உலகத்து அசைவாகத் தோன்றுவதில்லை.

பெரிய பட்ஜெட்டில் நேரடியாக மோதிப் பார்க்க ஒருவர் பல வருடமாகத் தயாராக இருந்தார். கியெர்மோ டெல் டோரோ ‘அட் தி மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னெஸ்’ஸுக்குத் திரைக்கதை எழுதி, ஜேம்ஸ் கேமரூனைத் தயாரிப்பாளராகவும் டாம் குரூஸை நாயகனாகவும் பேசி வைத்திருந்தார். ஏறக்குறைய 15 கோடி டாலர் செலவு, அதுவும் பெரியவர்களுக்கான சான்றிதழோடு, காதல் இல்லாமல், சுப முடிவு இல்லாமல். 2011-இல் யுனிவர்சல் ஸ்டூடியோ பின்வாங்கியது. 2022-இல் டெல் டோரோ, அப்போது ஐஎல்எம் நிறுவனத்தோடு செய்து பார்த்த கிராஃபிக்ஸ் சோதனையில் சில விநாடிகளை இணையத்தில் போட்டார். மனிதன் ஒருவனின் உடல் விரிந்து, தலைகீழாகி, வேறு எதுவாகவோ ஆகிறது. என்ன ஆகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் சரியாகச் சொல்ல முடியவில்லை.